இடைவழிக் காந்தாரம்

பொருநைக்கரைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் ஒரு காந்தாரம் கீழே இறங்காமல் அந்தரத்திலேயே நின்றுபோன வருஷம், குற்றாலத்துச் சாரல் காலம் தவறாமல் வந்தது, விடுதிச் சாம்பார் வழக்கம்போல் நீர்த்திருந்தது, துணைவேந்தர் நாற்காலி வழக்கம்போல் காலியாகக் கிடந்தது. ஆக, உலகம் தன் பாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஒரு பாட்டு மட்டும் பாதியில் நின்றது.

அந்தத் துறைக்கு இரண்டு கட்டடங்கள். வடக்குக் கட்டடத்தில் பாடுவார்கள், தெற்குக் கட்டடத்தில் பாடியதைப் பற்றி எழுதுவார்கள். வடக்கில் இருப்பவர்கள் தெற்கைப் பற்றி, பாயசத்தைக் குடிக்காமல் ஆழாக்கு வைத்து அளந்துகொண்டிருக்கிற கூட்டம் என்பார்கள். தெற்கில் இருப்பவர்கள் வடக்கைப் பற்றி, குடித்த பாயசத்தில் என்ன போட்டிருந்தது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிற கூட்டம் என்பார்கள். இரண்டு கட்டடத்தையும் ஒரு தகரக்கூரை போட்ட இடைவழி சேர்த்துவைத்தது. அங்கே ஒரு குடிநீர்க் குழாய், ஒரு டியூப்லைட், ஒரு அறிவிப்புப் பலகை. அதைக் கடந்து யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. தாகம் எடுத்தால் மட்டும் வந்து குடித்துவிட்டு, வந்த பக்கமே திரும்பிவிடுவார்கள்.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஒரு ஆணை வந்தது. இனிமேல் பாட்டும் ஆய்வும் ஒரே பட்டத்துக்குள் வரவேண்டும், பட்டம் வாங்குகிறவர் ஒரு உருப்படியைத் தானே இசையமைத்து மேடையில் பாடவும் வேண்டும், அந்த இசையைப் பற்றி ஏட்டில் எழுதவும் வேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது. வடக்கு அதை இரண்டுங்கெட்டான் பட்டம் என்றது, தெற்கும் அதையேதான் சொன்னது, அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டும் ஒத்துப்போயின. அதில் சேர்ந்த முதல் ஆளும் ஒரே ஆளும் அம்பாசமுத்திரத்துப் பேச்சியம்மாள். பேரு பேச்சி, செய்வது பாட்டு, அதிலும் பாதி எழுத்து என்று கேண்டீன் நடத்துகிற சொரிமுத்து அண்ணாச்சி அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்பவள் சிரிக்காமல் வேறென்ன செய்வாள்?

பேச்சி எடுத்துக்கொண்ட பொருள் சகானா ராகத்தின் காந்தாரம். ஸ ரி க ம ப த நி என்கிற ஏழில் மூன்றாவதாக வருகிற 'க'தான் காந்தாரம். சகானாவில் அது வேறு எந்த ராகத்திலும் இல்லாத ஒரு குழைவோடு, தப்பு செய்த பிள்ளை வாசற்படியில் நின்று உள்ளே பார்ப்பதுபோல் நிற்கும். அது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் சண்டை. அவளுடைய நெறியாளர் பேராசிரியர் தில்லைநாயகம் அந்தச் சண்டையிலேயே தலை நரைத்தவர். புத்தகத்தில் போட்டிருக்கிற உயரம் வேறு, பாடகர்கள் தொண்டையில் நிற்கிற உயரம் வேறு என்று அவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். கேட்டவர்கள் எல்லாரும், ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி பாடுவார்கள், இதை எங்கே போய் அளக்க, என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு நல்ல மனுஷனை இப்படி ஆயுசு முழுக்கச் சிரித்தே விரட்டினால் அவருக்குக் கொஞ்சம் அவசரம் வரத்தான் செய்யும்.

அந்த அவசரம்தான் எல்லாவற்றையும் செய்தது. ஆடி மாசம், காற்றுக்காலம். ஒலிப்பதிவு அறையில் ஏசி இரைந்தது. ஏசியை நிறுத்தினால் மின்விசிறி இரைந்தது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை தாளாமல் தில்லைநாயகம் சார் இரைந்தார். கடைசியில் மைக்கையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு இருவரும் இடைவழிக்கு வந்தார்கள். பேச்சி குழாயடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணை மூடி, மேலேயிருந்து இறங்கி வந்தாள். ப, ம, க. காந்தாரத்தில் வந்து நின்றாள். ஒரு சுரத்தில் அப்படி நின்று நிலைப்பதைக் கார்வை என்பார்கள். அவள் நின்ற நிலையில் கணினித் திரையில் கோடு ஆடாமல் அசையாமல் நேராக ஓடியது, அதைப் பார்த்ததும் தில்லைநாயகம் தாங்க மாட்டாமல் கையைத் தட்டினார்.

"போதும்மா, போதும்! கெடச்சிட்டு! நேர்கோடு விழுந்துட்டு! இதுக்கு மேல பாடி அதைக் கெடுத்துராத!"

பாடுகிறவளை அந்த இடத்தில் எவனும் நிறுத்தமாட்டான். சகானாவில் மேலிருந்து காந்தாரத்துக்கு வந்தால் அங்கிருந்து நேரே கீழே இறங்க முடியாது, ஒரு படி மறுபடி மேலே 'ம'வுக்கு ஏறி, அதற்குப் பிறகுதான் 'ரி'க்கு வரவேண்டும். ம ரி க ரி ஸ என்று வளைந்து வளைந்துதான் வீட்டுக்கு வரமுடியும். வடக்குக் கட்டடத்தில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். தில்லைநாயகத்துக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவருக்கு வேண்டியது கார்வை மட்டும்தான், அது எங்கே போகிறது என்பது அடுத்த அத்தியாயம். பேச்சி வாயை மூடினாள். காந்தாரம் மூடவில்லை.

அது அங்கேயே நின்றது. ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே, குழாய்க்கும் அறிவிப்புப் பலகைக்கும் நடுவில், இரண்டு கை விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு நின்றது. அந்த அகலத்துக்குள் போனால் பேச்சியின் குரலில் காந்தாரம் கேட்கும். ஒரு அடி விலகினால் ஒன்றும் கேட்காது, தகரத்தில் காற்று அடிக்கிற சத்தம்தான்.

முதலில் மின்சாரப் பிரிவு வந்து டியூப்லைட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பழுது எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு குழாய்க்காரர் வந்து குழாயைக் கழற்றினார். பிறகு சொத்துப் பிரிவு வந்து, இது அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று கேட்டது. அசையவில்லை, ஆனால் தரையிலும் ஒட்டவில்லை. தெற்குக் கட்டடம் அதைத் தரவு என்றது, வடக்குக் கட்டடம் அதைப் பாட்டு என்றது, இரண்டு பக்கமும் கூட்டம் போட்டு, கூட்டத்தில் போண்டா சாப்பிட்டு, முடிவு ஏதும் எடுக்காமல் கலைந்தன. கூட்டிப் பெருக்குகிற மாடத்தி மட்டும் முதல் நாளிலேயே முடிவெடுத்துவிட்டாள். அந்த இடம் வந்ததும் விளக்குமாற்றைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றிப் பெருக்குவதுபோல் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். மற்றவர்களும் மெல்ல மெல்ல மாடத்தி வழிக்கே வந்தார்கள்.

நாகசுரம் படிக்கிற பையன்கள் ஊதுவாய்ச் சீவாளியைச் சரிபார்க்க அதற்குள் வந்து நின்றார்கள். தேர்வுக்குப் போகிற பெண்கள் ஒரு மூச்சு நின்றுவிட்டுப் போனார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு புள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து நிற்கவைத்து, வயிற்றில் பிள்ளை புரளுது புரளுது என்று சந்தோஷப்பட்டுத் திருப்பிக் கூட்டிப்போனார்கள். யாரோ தூணில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு யாரோ அடுப்புக்கல்லும் கொண்டுவந்து இறக்க, துறை வளாகத்தில் பொங்கல் வைத்தல் கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டினார்கள். சுற்றறிக்கை ஒட்டியவரே கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேசிக்கொண்டே இடைவழியில் வருகிறவர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தி, அந்தப் பக்கம் போய்த் தாண்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். நடுவில் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் பலபேர் சொல்லவந்ததை மாற்றிக்கொண்டார்கள். ஒரு சைவப்பிள்ளை வீட்டுச் சம்பந்தப் பேச்சு முறிய இருந்தது அப்படித்தான் ஒட்டியது என்று சொரிமுத்து அண்ணாச்சி சத்தியம் செய்வார். அவர் சத்தியத்துக்கு என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அந்தக் கல்யாணம் நடந்தது. வடக்கும் தெற்கும் வேறு வழியில்லாமல் அந்த அகலத்துக்குள் ஒன்றாக நிற்கப் பழகின. தாகம் இல்லாதவர்களும் தண்ணீர் குடிக்க வந்தார்கள்.

தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் பூதலிங்கம்கூட வந்தார். அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன். எதிரே ஆள் நின்று பேசினால் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்பார், அந்த ஆணவத்துக்காகவே பலபேர் அவரைத் திட்டுவார்கள். பேச்சியின் ஏட்டை ஓரம் அளவு சரியில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பியவர். அவர் மதியச் சாப்பாடு முடிந்ததும் கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, காந்தாரத்துக்குள் நின்று, அறிவிப்புப் பலகையைப் படிப்பார். பலகையில் போன வருஷத்து அறிவிப்புகள்தான் இருந்தன.

இப்படி ஊரெல்லாம் அனுபவித்த காந்தாரம் ஒரே ஒருத்தியிடம் மட்டும் இல்லாமல் போனது. பேச்சிக்கு அது முதலில் தெரியவில்லை. அக்கா மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே பாடினாள். ஒரு இடத்தில் வாய் திறந்தது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, அடுத்த சுரத்தில் மறுபடி வந்தது. தூங்கப்போன குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. மறுபடி பாடினாள். மறுபடி அதே இடத்தில் பள்ளம். எந்த ராகத்தை எடுத்தாலும், 'க' வருகிற இடம் வந்தால், பல் விழுந்த இடத்தில் நாக்கு போய்த் தடவுவதுபோல் குரல் போய்த் தடவிவிட்டு ஒன்றுமில்லாமல் திரும்பியது. அன்றைக்கு அவள் அழுதாள். பாடுகிறவளுக்குக் குரலில் ஒரு சுரம் இல்லாமல் போவது என்னவென்று பாடுகிறவர்களுக்குத்தான் தெரியும், மற்றவர்கள் ஆறு சுரம் இருக்கிறதே என்பார்கள்.

தில்லைநாயகத்திடம் சொன்னாள். அவர் வருத்தப்பட்டார், உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் அவர் கண் இடைவழியைப் பார்த்துக்கொண்டே வருத்தப்பட்டது. "பேச்சி, யோசிச்சுப் பாரும்மா. உலகத்துல எவனுக்கு இந்தக் கொடுப்பினை கெடச்சிருக்கு? எல்லாரும் ஓடுத சுரத்தைத் துரத்தித் துரத்தி அளக்கான். நமக்கு அது நின்னு குடுக்கு. எவன் வேணாலும் வந்து அளந்து பாக்கட்டும், ஒரே அளவுதான். இனி எவனாவது சிரிப்பானா? வைவா முடியட்டும். அது வரைக்கும் அதைத் தொடாத, என்ன?"

தொடாத என்று அவர் சொன்னதில் ஒரு காரணம் இருந்தது, அவள் தொட்டால் அது அசைந்துவிடும் என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தேகம், அதை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காந்தாரத்தைக் கீழே இறக்க வடக்குக் கட்டடத்து வித்துவான்கள் பலர் முயன்று பார்த்திருந்தார்கள். ம ரி க ரி ஸ என்று முறைப்படிதான் பாடினார்கள், அது இம்மி அசையவில்லை. ஒருத்தர் தொடங்கிய பேச்சை இன்னொருத்தர் முடித்தால் அது குறுக்கே பேசுவதுதானே. ஆனால் ஒரு நாள் பேச்சி குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவள், பழக்கதோஷத்தில், தன்னையறியாமல், காதில் விழுந்துகொண்டிருந்த 'க'வுக்கு அடுத்ததாக 'ம' என்று மூச்சுக்குள் சொல்லிவிட்டாள். தலைக்கு மேலே காந்தாரம் நடுங்கியது. தகரத்திலிருந்து தூசி உதிர்ந்தது. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள், அதுவும் அடங்கி நின்றது. அன்றிலிருந்து அவளுக்குத் தெரியும், அது தன்னால் முடியும் என்று. முடித்தால் ஆய்வு போய்விடும் என்பதும் தெரியும். இன்னொன்றும் தெரியும், அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை: ம ரி க ரி ஸ. அந்த முடிவுக்குள்ளேயே இன்னொரு 'க' இருக்கிறது. தன்னிடம் இல்லாத சுரத்தைப் பாடித்தான் தன்னிடம் இல்லாத சுரத்தை மீட்கவேண்டும். அந்த இடத்தில் பள்ளம்தான் வரும் என்றால் அதுவும் போயிற்று, இதுவும் போயிற்று.

ஆகவே அவள் தொடவில்லை. ஏடு வளர்ந்தது. சாரல் காலத்தில் அது எப்படி நிற்கிறது, வெயிலில் எப்படி நிற்கிறது, ஆள் கூடினால் என்ன, ஆள் இல்லாவிட்டால் என்ன என்று எல்லாவற்றையும் அளந்து எழுதினாள், எழுத்து நன்றாகவே வந்தது. மேடைக்கு வேண்டிய உருப்படியையும் இசையமைத்தாள். காந்தாரம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் மௌனம் வைத்து, அந்த மௌனத்தைத் தாளத்துக்குள் பதமாக மடக்கிவைத்தாள். வடக்குக் கட்டடத்தில் அதைக் கேட்டவர்கள் ஆகா, புதுமை, மௌனத்தையே சுரமாக்கிவிட்டாள் என்றார்கள். அவளுக்கு அந்தப் பாராட்டு நெஞ்சில் குத்தியது. கை இல்லாதவன் சட்டைக் கையை மடித்து ஊசி குத்திக்கொள்வதைப் பார்த்து, அடடா என்ன தையல் என்று சொன்னது போலிருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இடைவழியில் யாரும் இல்லை. பேச்சி போனபோது பூதலிங்கம் மட்டும் காந்தாரத்துக்குள் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். அவள் திரும்பிப் போகப் பார்த்தாள். அவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, நில்லுங்க. ஏட்டுல ஓரம் இப்ப சரியா இருக்கு."

"சரி சார்."

"இன்னொண்ணு சொல்லணும். சிரிக்கப்பிடாது." அவர் வழக்கம்போல் முகத்தை இடப்பக்கம் திருப்பினார், பிறகு என்ன நினைத்தாரோ, நேராகத் திருப்பிக்கொண்டார். "எனக்கு இந்த எடது காது கெடையாது. பதினெட்டு வயசுல, எங்க ஊர் அம்மன் கோயில் கொடையில அதிர்வேட்டு பக்கத்துல வெடிச்சிட்டு. வீட்டுக்காரிக்குக்கூட ரொம்ப நாள் தெரியாது. வலது காதைக் குடுத்துக் குடுத்துப் பேசப்போயி, பூதலிங்கம் மூஞ்சியத் திருப்புதான்னு பேராச்சு. செவிடன்னு பேரு எடுக்கதுக்கு இது தேவலைன்னு விட்டுட்டேன்."

பேச்சி அவர் இடது காதைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள நின்னா ரெண்டு காதுலயும் கேக்கும்மா. வெளிய போனா போயிருது. உள்ள வந்தா, இந்தா, இங்கயும் கேக்கு, இங்கயும் கேக்கு." அவர் இரண்டு காதையும் மாற்றி மாற்றித் தொட்டுக் காட்டினார், ஐம்பத்தைந்து வயசு மனுஷன், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி.

பேச்சிக்கு நெஞ்சு விம்மியது. அதோடு ஒரு பாரமும் வந்து உட்கார்ந்தது. ஊருக்கு வேண்டும், நெறியாளருக்கு வேண்டும், பட்டத்துக்கு வேண்டும், இப்போது இந்த மனுஷனின் காதுக்கும் வேண்டும். இனி நான் யார் அதைக் கேட்க? அவள் வாயைத் திறந்து, யாரிடமும் முழுசாகச் சொல்லாததை அவரிடம் சொன்னாள். அந்த 'க' பாதியில் நிறுத்தப்பட்டது என்பதையும், தன் குரலில் இப்போது அது இல்லை என்பதையும், முடிப்பது எப்படி என்று தனக்குத் தெரியும் என்பதையும், அதற்குள் இருக்கிற இன்னொரு 'க'வையும், எல்லாவற்றையும். கடைசியில், "பயப்படாதீங்க சார், நான் அதைத் தொடமாட்டேன்" என்றாள்.

பூதலிங்கம் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இத்தன நாளா நான் கேட்டுக்கிட்டிருந்தது முடியாத பாட்டா?"

"ஆமா சார்."

"இதுதான் பாட்டுன்னுல்லா நெனச்சேன்." கோப்பைக் கக்கத்திலிருந்து எடுத்து மறு கக்கத்துக்கு மாற்றினார். "பாதியில நிக்குத பாட்டை ரெண்டு காதால கேட்டு என்ன செய்ய? முடிச்சிருங்க. முடிஞ்ச பாட்டை ஒத்தக் காதால கேட்டுக்கிடுதேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். போகிற போக்கில், "பின்னிணைப்புல பக்க எண் போடல. அதையும் பாருங்க" என்றார்.

மறுநாள் புறத்தேர்வாளர் வந்தார். டாக்டர் லில்லி தேவசகாயம், நாகர்கோவில்காரர், முழங்கால் வலிக்காரர், ஆய்வும் எழுதுவார் பிடிலும் வாசிப்பார் என்பதால் இரண்டு கட்டடமும் அவருக்குப் பயந்தன. காலையில் தெற்குக் கட்டடத்தில் கேள்விகள், சாயங்காலம் வடக்குக் கட்டடத்தில் கச்சேரி என்று ஏற்பாடு. நடுவில் சான்றான காந்தாரத்தைப் பார்வையிட எல்லாரும் இடைவழிக்கு வந்தார்கள். எல்லாரும் என்றால் எல்லாரும்; மாணவர்கள், வித்துவான்கள், மாடத்தி, டீத்தூக்கோடு சொரிமுத்து அண்ணாச்சி, தூணோரம் கோப்போடு பூதலிங்கம், மஞ்சள் கயிற்றை மேய வந்த ஒரு ஆடு.

லில்லி தேவசகாயம் கைப்பையைப் பேச்சியிடம் கொடுத்துவிட்டு, காந்தாரத்துக்குள் போய் நின்றார். கண்ணை மூடினார். இடது கை விரல்கள் தாமாகப் பிடில் கழுத்தைப் பிடிப்பதுபோல் மடங்கின. தில்லைநாயகம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நல்ல காந்தாரம்" என்றார் லில்லி தேவசகாயம் வெளியே வந்து. "இது எங்க போகுது?"

"எங்கயும் போகாது மேடம்! ஆடியிலேருந்து இம்மி அசையல. அளவு எல்லாம் மூணாம் அத்தியாயத்துல…" என்று முந்திக்கொண்டார் தில்லைநாயகம்.

"அளவைப் படிச்சாச்சு சார், அருமையா இருக்கு. நான் கேக்கது வேற." அவர் பேச்சி பக்கம் திரும்பினார். "மக்களே, நீ சொல்லு. சகானாவுல ஒரு காந்தாரம் வந்தா அடுத்தாப்புல எங்கயாவது போகணும் இல்லியா. இது எங்க போகணும்?"

எல்லாரும் பேச்சியைப் பார்த்தார்கள். பேச்சி தில்லைநாயகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் கெஞ்சல் இருந்தது. அந்தக் கெஞ்சலைப் பார்த்து அவளுக்கு அவர்மேல் பாசம்தான் வந்தது, இவ்வளவு காலமும் இந்தச் சுரத்தை நேசித்த ஒரே ஆள் அவர்தானே. பிறகு தூணோரம் பார்த்தாள். பூதலிங்கம் வலது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்குப் போகணும் மேடம்" என்றாள் பேச்சி. கைப்பையை மாடத்தியிடம் கொடுத்தாள். உள்ளே போனாள்.

தலைக்கு மேலே தன் குரல் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு வாயை மூடிய அதே இடம், அதே மூச்சு. அவள் அதை அண்ணாந்து பார்த்து, ஒருத்தரைக் கை நீட்டி அழைப்பதுபோல, 'ம' என்றாள். காந்தாரம் நடுங்கியது, ஒரு படி ஏறியது, டியூப்லைட் சிமிட்டியது, தகரம் முழுக்கத் தூசி உதிர்ந்தது. 'ரி' என்றாள். அது வளைந்து அவள் முகத்துக்கு நேராக வந்தது. அடுத்து அந்த இடம். பள்ளம் என்று தெரிந்தும் கால் வைக்கிறவள் போலக் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

வந்தது. கணினித் திரையில் ஓடிய அந்த நேர்கோடு இல்லை இது. கரகரத்து, தழுதழுத்து, ஆடி ஆடி வந்தது, இத்தனை நாள் இடைவழியில் நின்று எத்தனையோ பேர் மூச்சும் பேச்சும் பட்டுப் பட்டு வந்த காந்தாரம், அவள் தொண்டைக்குள்ளிருந்தே வந்தது. 'ரி' என்று கீழே வைத்தாள். 'ஸ' என்று கதவைச் சாத்தினாள்.

இடைவழி நிசப்தமாயிற்று. குழாய் சொட்டுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. புள்ளைத்தாய்ச்சிகளும் நாகசுரப் பையன்களும் தேர்வுக்குப் போகிற பெண்களும் நின்று நின்று பழகிய அந்த அகலத்தில் வெறும் காற்று இருந்தது. மாடத்தி விளக்குமாற்றை அதன் குறுக்கே மெல்ல நீட்டிப் பார்த்துவிட்டு, "போயிட்டு" என்றாள். தில்லைநாயகம் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அவர்தான் முதலில் பேசினார். "அன்னைக்கே பாட விட்டிருக்கணும்" என்றார். அதை யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. "ம ரி-ன்னு ஏறி எறங்கும்போது அந்த 'க' அளவு மாறுது, கேட்டேளா? ரெண்டாவது 'க' வேற. நான் ஒத்தக் காந்தாரத்தை அளந்துக்கிட்டு இருந்திருக்கேன்." அப்போது அவர் கண்ணில் நீரும் இருந்தது, ஆசையும் இருந்தது.

தேர்வுக் குழு கூடியது. சான்று தேர்வின்போதே அழிந்துவிட்டால் விதி என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். விதி எதுவும் சொல்லவில்லை என்று பூதலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். லில்லி தேவசகாயம், ஏடு முடியவில்லை, கடைசி அத்தியாயத்தை இந்தப் பிள்ளை இப்போதுதான் பாடியிருக்கிறாள், அதை எழுதித் தரட்டும், அதற்குப் பிறகு பட்டம் தரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். பட்டம் தள்ளிப்போனது. சாயங்காலக் கச்சேரியில் பேச்சி தன் உருப்படியைப் பாடும்போது மௌனம் வைத்த இடங்களில் எல்லாம் காந்தாரம் வந்து வந்து நின்றது. புதுமை போச்சே என்று வடக்குக் கட்டடத்தில் ஒருத்தர் வருத்தப்பட்டார்.

இப்போதும் அந்த இடைவழியில் பேசிக்கொண்டு வருகிறவர்கள் குழாயடி வந்ததும் பேச்சை நிறுத்தி, தாண்டிப் போய்த் தொடர்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஏன் என்று கேட்பதில்லை, அவர்களும் நிறுத்துகிறார்கள். மாடத்தி அந்த இடத்தை இன்னமும் சுற்றித்தான் பெருக்குகிறாள். பேச்சி கடைசி அத்தியாயத்தைக் காலையில் பாடி, மத்தியானம் எழுதி, எழுதியது தப்பென்று மறுபடி பாடி, வடக்குக்கும் தெற்குக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பூதலிங்கம் கோப்போடு வந்து அறிவிப்புப் பலகையைப் படிக்கிறார். பேச்சி குடத்தோடு வருவாள். தண்ணீர் நிறைகிற வரைக்கும் அவருக்கு எதிரே நின்று, ப ம க, ம ரி க ரி ஸ என்று மெல்லப் பாடுவாள். அவர் நன்றி சொல்வதில்லை. முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். குடம் நிறைந்து வழிந்தாலும், பாட்டு முடிகிற வரைக்கும் நிற்பார்.